நிலா யாருடைய புறம்போக்கு?

(மாணவர் படிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை. ஒலிப்பதிவிலிருந்து எழுதப்பட்டது. பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



விண்வெளி ஆராய்ச்சி அரசாங்கத்துக் கையில இருக்கணுமா, தனியார் கைக்குப் போகணுமாங்கிறதப் பத்திப் பேசப் போறேன்னு சொன்னதும், வாசல்ல நின்ன ஒரு தோழர் கேட்டார்: ‘நம்ம சனத்துக்குச் சுடுகாட்டுக்குப் போகவே பாதை இல்ல, நீங்க நிலாவுக்குப் பாதை பேச வந்துட்டீங்களா?’ நியாயமான கேள்வி. நான் பேச வந்ததும் அந்தப் பாதைக் கேள்விதான். பாதை யார் நிலத்துல போகுது, யார் காசுல போட்டது, யார் யார் நடக்கலாம், மறிச்சா எங்க போய் நியாயம் கேக்குறது? இந்த நாலு கேள்வியையும் ராக்கெட்டுக்கும் கேட்டுப் பாக்கலாம்.

முதல்ல ஒண்ணச் சொல்லிடுறேன். ‘மலக்குழியில மனுசன் சாகுறான், நீ ராக்கெட் விடுறியா’ன்னு மேடைக்கு மேடை சொல்றோம். அந்தக் கோபம் உண்மையானது. ஆனா அந்த வாதத்துல ஒரு ஓட்டை இருக்கு. சந்திரயான்-3 க்கு ஆன செலவு சுமார் 615 கோடி ரூபாய். 2024-25 மத்திய பட்ஜெட்டில் விண்வெளித் துறைக்கு ஒதுக்கியது ஏறத்தாழ 13,000 கோடி. மொத்த பட்ஜெட்டோ 48 லட்சம் கோடி. நூறு ரூபாயில முப்பது காசுக்கும் குறைவு. ராக்கெட்ட நிறுத்தினா அந்தக் காசு நம்ம தெருவுக்கு வந்துடும்னு யாரும் எழுதித் தரப் போறதில்ல. மலம் அள்ள மனிதரை இறக்கக் கூடாதுன்னு 2013 லேயே சட்டம் போட்டாச்சு. மிஷின் வாங்கக் காசில்லாமயா இறக்குறான்? இறங்குறதுக்குன்னு ஒரு சாதி இருக்கு, அதனால மிஷின் வாங்கல. ஆகவே செலவுக் கணக்கோட நாம நின்னுடக் கூடாது. அந்த முப்பது காசு யார் கைக்குப் போகுது, திரும்பி என்னவா வருது, கணக்கு கேக்க யாருக்கு உரிமை இருக்கு? அதுதான் இன்னைக்கு மாறிக்கிட்டு வருது.

அமெரிக்காவில் கருப்பின மக்கள் இந்தக் கேள்வியை நமக்கு முன்னாடியே கேட்டாங்க. 1972 இல் மராட்டியத்தில் தலித் பேந்தர்ஸ் தொடங்கினப்போ பேரையே அவங்க கிட்டேர்ந்துதான் எடுத்தோம். அதுக்கு மூணு வருசம் முன்னாடி, 1969 ஜூலை 15. மறுநாள் காலை அப்பல்லோ-11 கிளம்பப் போகுது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட பிறகு அவர் இடத்துக்கு வந்த ரால்ஃப் அபர்நாதி, ஏழைக் குடும்பங்களைக் கூட்டிக்கிட்டு, கோவேறு கழுதை பூட்டின வண்டியோட ஏவுதளத்துக்கே போயிட்டார். நாசாவின் தலைவர் தாமஸ் பெய்ன் தூறல்ல நின்னு அவங்களோட பேசினார். இந்த நாட்டுல அஞ்சுல ஒருத்தருக்குச் சோறு, துணி, வீடு, வைத்தியம் சரியா இல்லன்னு அபர்நாதி சொன்னார். நாளைக்குப் பொத்தானை அழுத்தாம விட்டா வறுமை தீரும்னா நாங்க அழுத்த மாட்டோம்னு பெய்ன் பதில் சொன்னார். மனித சமூகத்தின் சிக்கல்களோட ஒப்பிட்டா நிலாவுக்குப் போறது சின்னப்பிள்ளை விளையாட்டுன்னும் சொன்னார். கடைசியில வந்தவங்கள்ல சுமார் நூறு பேருக்கு உள்ளே உட்கார்ந்து பார்க்க இடம் கிடைச்சது.

இந்தச் சம்பவத்தை ஒரு அவமானமா எழுதுறவங்க உண்டு: நூறு பாஸ் குடுத்து வாயை அடைச்சுட்டான்னு. எனக்கு அப்படித் தோணல. ஒரு நிறுவனத்தின் தலைவர் வேலையை விட்டுட்டு, வெளியே வந்து, ஏழைகளுக்குப் பதில் சொல்ல வேண்டியதாச்சே, ஏன்? அது வரிப்பணத்துல ஓடுற நிறுவனம். அதைத்தான் கவனிக்கச் சொல்றேன்.

அதுக்காக அரசுத் துறை நம்மை அரவணைச்சுக்கிட்டதுன்னு நினைச்சுடாதீங்க. நாசாவுக்கு முந்தின அரசு அமைப்புல, வர்ஜீனியாவின் லாங்லி ஆய்வுக்கூடத்துல, கருப்பினப் பெண்கள் கணக்குப் போட்டாங்க. டோரதி வாஹன், மேரி ஜாக்சன், கேத்ரின் ஜான்சன். கணக்கு பொது, கழிப்பறை தனி. சாப்பாட்டுக் கூடத்துலயும் தனி மேசை. நமக்கு இதைப் புதுசா விளக்க வேண்டியதில்ல. 1958 இல் நாசா உருவானப்போதான் அந்தத் தனிப் பிரிவைக் கலைச்சாங்க. மேரி ஜாக்சன் பொறியாளராக வேண்டிய பாடத்தைப் படிக்க, வெள்ளையர் மட்டும் படிக்கிற பள்ளிக்கூடத்துல உட்காரத் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

எட் ட்வைட் கதை இன்னும் சிக்கலானது. விமானப்படை அதிகாரி, விண்வெளிப் பயிற்சிப் பள்ளிக்குப் போன முதல் கருப்பின விமானி. 1963 இல் நாசா தேர்ந்தெடுத்த 14 பேர்ல அவர் பேர் இல்ல. 1966 இல் விமானப்படையை விட்டு விலகினார். பிறகு சிற்பியானார். அமெரிக்கா ஒரு கருப்பினத்தவரை, கயன் புளூஃபோர்டை, விண்வெளிக்கு அனுப்ப 1983 ஆச்சு. அதுக்கும் முன்னாடியே 1980 இல் சோவியத் விண்கலத்துல கியூபாவின் அர்னால்டோ தமாயோ மெந்தெஸ் போயிட்டு வந்துட்டார். எட் ட்வைட் கடைசியா மேல போனது 2024 மே 19 அன்னைக்கு, தன்னோட 90 ஆவது வயசுல. கூட்டிக்கிட்டுப் போனது அமேசான் முதலாளி ஜெஃப் பெசோஸின் தனியார் ராக்கெட்.

பாத்தீங்களா, அரசு தள்ளினான், தனியார் ஏத்திக்கிட்டான்னு இதை வச்சு ஒருத்தர் வாதாடலாம். வாதாடுறாங்க. ஆனா ட்வைட்டுக்குக் கிடைச்சது சில நிமிடப் பயணம். 1963 இல் மறுக்கப்பட்டது ஒரு வேலை, அதோட வர்ற சம்பளம், பதவி, பின்னால வர்றவனுக்குத் திறக்கிற கதவு. ஒரு புரவலர் விருந்துக்குக் கூப்பிட்டு உட்கார வச்சா, அதுக்குப் பேரு பங்காளி உரிமையா?

இப்ப காசுக் கணக்குக்கு வருவோம். ‘அரசு விண்வெளி, தனியார் விண்வெளி’ன்னு ரெண்டு தனித்தனியா இருக்கிற மாதிரிப் பேசுறாங்க. அப்பல்லோ காலத்துலயே நிலாவில் இறங்கின கலத்தைக் கட்டினது கிரம்மன் கம்பெனி. ராக்கெட்டின் அடுக்குகளைக் கட்டினது போயிங், நார்த் அமெரிக்கன், டக்ளஸ். தனியார் எப்பவும் உள்ளேதான் இருந்தான். அப்ப அவன் கட்டினது அரசாங்கத்தின் சொத்து. இப்ப கலம் கம்பெனியின் சொத்து, அரசாங்கம் சீட்டு வாங்கிப் பயணம் பண்ணுது. மாறினது இதுதான்.

எலான் மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸ் 2002 இல் தொடங்கினது. முதல் மூணு ராக்கெட்டும் விழுந்தது. நாலாவது 2008 செப்டம்பரில் ஜெயிச்சது. காசு தீர்ந்துபோன நேரத்துல, அதே டிசம்பரில் நாசா 12 பயணத்துக்கு 160 கோடி டாலர் ஒப்பந்தம் குடுத்தது. 2014 இல் ஆள் ஏத்திப் போக 260 கோடி. 2021 இல் நிலாவில் இறங்கும் கலத்துக்கு 289 கோடி. வெப்பக் கவசத்தோட அடிப்படைத் தொழில்நுட்பமும் நாசாவின் ஆய்வுக்கூடத்துல உருவானதுதான். ‘தன் காசுல, தன் துணிச்சல்ல’ன்னு பத்திரிகையில வர்ற கதைக்குள்ள இவ்வளவு வரிப்பணம் இருக்கு.

அதுக்காக அவங்க ஒண்ணுமே செய்யலன்னு சொன்னா பொய். 2015 டிசம்பரில் ராக்கெட்டின் கீழ்ப் பகுதியைத் திரும்பத் தரையில நிறுத்திக் காட்டினாங்க. 2017 இல் அப்படித் திரும்பினதையே மறுபடி ஏவினாங்க. செலவு நிஜமாவே குறைஞ்சது. மறுபக்கம் நாசாவின் சொந்தப் பெரிய ராக்கெட்டும் ஓரியன் கலமும், முதல் நாலு பயணங்களுக்கு ஒவ்வொண்ணுக்கும் 410 கோடி டாலர் விழுங்கும்னு நாசாவின் தணிக்கை அதிகாரியே 2022 இல் சொன்னார். செலவு எவ்வளவோ அவ்வளவும் தர்றோம், மேல லாபமும் தர்றோம்னு ஒப்பந்தம் போட்டா எந்தக் காண்டிராக்டர் சிக்கனம் பிடிப்பான்? நம்ம ஊரு ரோடு காண்டிராக்ட் தெரிஞ்ச யாருக்கும் இது புரியும். ஆனா ஒண்ணு கவனிங்க: இந்த 410 கோடிக் கணக்கு வெளியே வந்தது அரசுத் தணிக்கையால. ஸ்பேஸ்எக்ஸின் உள்கணக்கை அப்படிப் பிரிச்சுப் பாக்க எந்தப் பொதுத் தணிக்கைக்கும் வழி இல்ல.

1986 இல் சேலஞ்சர் வெடிச்சு ஏழு பேர் செத்தாங்க. குளிர்ல ரப்பர் வளையம் இறுகிப் போகும், ஏவாதீங்கன்னு காண்டிராக்ட் கம்பெனியின் பொறியாளர்கள் முந்தின ராத்திரியே எச்சரிச்சிருக்காங்க, மேலதிகாரிகள் கேக்கலங்கிறது பகிரங்க விசாரணையில வெளிவந்தது. ஃபெயின்மன் தொலைக்காட்சி முன்னால ஐஸ் தண்ணியில அந்த ரப்பரை முக்கிக் காட்டினார். இன்னைக்கு ஒரு தனியார் ராக்கெட் வெடிச்சா விசாரணையை நடத்துறது அந்தக் கம்பெனியே. அரசு மேற்பார்வை பாக்கும்.

2011 இல் விண்ஓடங்களை நிறுத்தின பிறகு அமெரிக்காவுக்கு ஆள் அனுப்பச் சொந்த வாகனம் இல்ல. 2020 லேர்ந்து ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலம். 2025 ஜூன் 5 அன்னைக்கு மஸ்க்குக்கும் அதிபர் டிரம்புக்கும் வாய்ச்சண்டை. கோபத்துல மஸ்க், டிராகனை நிறுத்திடுவேன்னு அறிவிச்சார். சில மணி நேரத்துல வாபஸ் வாங்கினார். விண்வெளி நிலையத்துல இருந்த மனுசங்களோட போக்குவரத்து ஒரு ஆளோட கோபதாபத்துல தொங்கினது. பண்ணையார் கோவிச்சுக்கிட்டா கிணத்துல தண்ணி எடுக்க முடியாதுங்கிற நிலைமை நமக்குப் புதுசில்ல, வல்லரசுக்குத்தான் புதுசு. 2022 இல் கிரிமியா பக்கம் உக்ரைனுக்குத் தன் செயற்கைக்கோள் இணைப்பை இயக்கித் தர மறுத்ததையும் அவரே மறு வருசம் சொன்னார். அந்தப் போரில் யார் பக்கம் நியாயம்ங்கிறது வேற பேச்சு. யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத ஒருத்தர் கையில அந்தச் சாவி இருந்தது. இன்னைக்கு வானத்துல இயங்குற செயற்கைக்கோள்கள்ல பாதிக்கு மேல அந்த ஒரே கம்பெனியோடது.

நிலத்துக்கு வருவோம். ராக்கெட் தளம் எங்க வைக்கிறாங்க? கடலோரம், பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல, ‘ஆளில்லாத’ இடத்துல. ஆளில்லாத இடம்னா பட்டா இல்லாத ஆளுங்க இருக்கிற இடம்னு நாம படிச்சுக்கணும். ஸ்பேஸ்எக்ஸின் முதல் ராக்கெட் கிளம்பினது மார்ஷல் தீவுகளின் குவாஜலின் பவளத்திட்டிலேர்ந்து. அது அமெரிக்க ராணுவத் தளம். தீவோட மக்களை அப்புறப்படுத்தி, சுமார் 80 ஏக்கர் இருக்கிற எபெயங்கிற தீவுல குவிச்சாங்க. காலையில படகேறித் தளத்துக்கு வேலைக்குப் போவாங்க. பொழுது சாஞ்சா திரும்பிடணும். ஊரும் சேரியும் அங்கேயும் உண்டு, நடுவுல கடல்.

பிரேசிலின் அல்கன்தாராவுல 1980 களில் அரசாங்கமே ஏவுதளம் கட்டினது. அங்க இருந்தவங்க ஆப்பிரிக்காவிலேர்ந்து அடிமைகளாக் கொண்டுவரப்பட்டவங்களோட வாரிசுகள், குயிலம்போலாக்கள். 312 குடும்பங்களைக் கடலை விட்டு உள்ளே தள்ளிக் குடியமர்த்தினாங்க. மீன் பிடிச்சவனுக்கு மீன் தூரமாச்சு. 2019 இல் அமெரிக்கக் கம்பெனிகள் அந்தத் தளத்தைப் பயன்படுத்த ஒப்பந்தம் போட்டாங்க. மக்கள் விடல. மனித உரிமைகளுக்கான அமெரிக்கக் கண்டத்து நீதிமன்றம் பிரேசில் அரசு குற்றவாளின்னு சொன்ன தீர்ப்பு 2025 மார்ச்சில் வெளிவந்தது. நம்ம ஸ்ரீஹரிகோட்டாவுலயும் காட்டை நம்பி வாழ்ந்த யானாதிப் பழங்குடிகளை அப்புறப்படுத்தித்தான் 1971 இல் முதல் ராக்கெட் விட்டாங்க. ஆக, அரசுன்னா நிலம் பிடுங்க மாட்டான்னு யாரும் ஏமாற வேண்டாம். ஆனா அல்கன்தாரா மக்கள் வழக்குப் போட ஒரு அரசு இருந்தது. டெக்சாஸில் ஸ்பேஸ்எக்ஸ் ஏவுதளம் இருக்கிற இடத்தை 2025 மே மாசம் தேர்தல் வச்சு ஒரு தனி நகராட்சியாவே மாத்திட்டாங்க. 212 ஓட்டு ஆதரவு, 6 எதிர்ப்பு. ஓட்டுப் போட்டவங்கள்ல பெரும்பாலோர் கம்பெனி ஆட்கள், மேயரும் கம்பெனி அதிகாரி. இனி அங்க மனு குடுக்கணும்னா கம்பெனிகிட்டயே குடுக்கணும்.

சரி, மேல இருக்கிற நிலா யாரோடது? 1967 விண்வெளி ஒப்பந்தம், எந்த நாடும் அதை உரிமை கொண்டாடக் கூடாது, அது மனித குலம் முழுசுக்கும் பொதுன்னு சொல்லுது. நம்ம பாஷையில புறம்போக்கு. 1979 இல் இன்னும் ஒரு படி மேல போய், அங்க கிடைக்கிற செல்வம் மானுடத்தின் பொதுச் சொத்து, பங்கிட்டுக்கணும்னு ஒரு ஒப்பந்தம் வந்தது. அமெரிக்காவோ ரஷ்யாவோ சீனாவோ அதுல சேரல. இந்தியா 1982 இல் கையெழுத்துப் போட்டதோட சரி, உறுதி செய்யல. 2015 இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது: நிலாவையோ விண்கல்லையோ நாங்க சொந்தம் கொண்டாடல, ஆனா அங்கேர்ந்து தோண்டி எடுக்கிறது எடுத்த கம்பெனிக்குச் சொந்தம். ஆறு பொது, லாரியில ஏத்தின மணல் தனியார் சொத்துங்கிற மாதிரி. அந்த அர்த்தத்தையே ஒத்துக்கிற ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டுல 2023 ஜூனில் இந்தியாவும் கையெழுத்துப் போட்டுடுச்சு. பஞ்சமி நிலத்தை விக்கக் கூடாது, வாங்கக் கூடாதுன்னு விதி இருந்தும் அது எப்படிக் கைமாறினதுன்னு நமக்குத் தெரியும். விதியை யாரும் கிழிச்சுப் போடல, வேற அர்த்தம் எழுதினாங்க.

இனி நம்ம நாடு. 2020 மே 16. ஊரடங்குல கூலித் தொழிலாளர்கள் நடந்தே ஊருக்குப் போய்க்கிட்டிருந்த நேரம். அன்னைக்கு விடியற்காலையில உத்தரப் பிரதேசம் ஔரையாவில் லாரிகள் மோதி இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் செத்துப் போனாங்க. அன்னைக்கு மாலையிலதான் நிதியமைச்சர் விண்வெளித் துறையைத் தனியாருக்குத் திறந்துவிடுறதா அறிவிச்சார். அடுத்த மாசமே இன்-ஸ்பேஸ்னு தனி அமைப்பு. 2021 இல் அதன் முதல் தலைவரா வந்தவர் ஒரு பெரிய வாகனக் கம்பெனியின் முன்னாள் நிர்வாக இயக்குநர். 2023 இல் கொள்கை அறிக்கை. 2024 இல் அந்நிய முதலீட்டுக்கும் கதவு திறந்தாச்சு: செயற்கைக்கோள் தயாரிப்புல 74 சதவீதம், ராக்கெட்டுல 49 சதவீதம் வரைக்கும் அரசு அனுமதியே கேக்க வேண்டியதில்ல.

நம்ம பிள்ளைகளுக்கு இதுல என்ன இருக்கு? ரெண்டு பக்கமும் பாக்கணும். 1992 நவம்பரில் மண்டல் வழக்குத் தீர்ப்பு வந்தது. இடஒதுக்கீட்டைக் காப்பாத்தின தீர்ப்புன்னு கொண்டாடினோம். அதே தீர்ப்புக்குள்ள ஒரு பட்டியல் இருக்கு: தகுதி மட்டுமே பார்க்க வேண்டிய இடங்கள், இங்கெல்லாம் இடஒதுக்கீடு பொருத்தமில்லைன்னு. அணுசக்தி, விண்வெளி ஆராய்ச்சி நிறுவனங்களின் தொழில்நுட்பப் பதவிகள் அந்தப் பட்டியல்ல வருது. கர்ப்பக்கிரகம் மாதிரி ஒரு இடத்தை அரசுத் துறைக்குள்ளேயே வேலி போட்டு வச்சிருக்காங்க. அங்க புழங்குற மொழியும் அதேதான், தகுதி, திறமை, தூய்மை.

இருந்தாலும் அந்த வேலியை எதிர்த்து வாதாட அரசியல் சட்டத்தின் 16(4) இருக்கு. ஆணையம் இருக்கு. ரோஸ்டர் பதிவேடு கேக்கலாம். தகவல் உரிமைச் சட்டத்துல மனுப் போடலாம். தேவாஸ் விவகாரம் ஞாபகம் இருக்கும். இஸ்ரோவின் வணிகக் கிளையான ஆன்ட்ரிக்ஸ் 2005 இல் முன்னாள் இஸ்ரோ அதிகாரிகளும் இருந்த ஒரு தனியார் கம்பெனிக்கு அலைக்கற்றையைத் தூக்கிக் குடுத்தது. விஷயம் வெளிவந்து 2011 இல் ரத்தாச்சு. 2022 இல் உச்ச நீதிமன்றம் அதை மோசடின்னே சொன்னது. அரசுத் துறையில நடந்த தப்புதான், ஆனா அரசுத் துறைங்கிறதாலதான் பிடிபட்டது.

தனியார்ல? 16(4) அரசாங்க வேலைக்கு மட்டும். 2004 இல் மத்தியில அமைஞ்ச கூட்டணி அரசு தனியார் துறை இடஒதுக்கீடு பத்திப் பேசறதா சொன்னது, சட்டம் வரல. இன்னைக்கு ராக்கெட் விடுற நம்ம நாட்டுத் தனியார் கம்பெனிகளைப் பாருங்க. 2022 நவம்பரில் முதல் தனியார் ராக்கெட்டை விட்ட ஸ்கைரூட்டைத் தொடங்கினவங்க இஸ்ரோவுல வேலை கத்துக்கிட்டவங்க. 2024 மே மாசம் விட்ட அக்னிகுல் சென்னை ஐ.ஐ.டி.யில வளர்ந்தது. ரெண்டும் ஏவினது ஸ்ரீஹரிகோட்டாவிலேர்ந்து. அந்தப் பிள்ளைகளோட உழைப்பை நான் குறைச்சுச் சொல்லல. படிச்ச இடம், கத்துக்கிட்ட இடம், ஏவின இடம் எல்லாம் பொது. பொதுங்கிறது வேலைக்கு ஆள் எடுக்கிற அறையோட வாசல்ல மட்டும் எப்படி நின்னு போகுது?

இதை இப்பப் பேசக் காரணம் குலசேகரப்பட்டினம். தூத்துக்குடி மாவட்டம். ஸ்ரீஹரிகோட்டாவிலேர்ந்து நேரா தெக்கே விட்டா இலங்கை குறுக்கே வரும், வளைச்சுப் போகணும், எரிபொருள் வீணாகும், சின்ன ராக்கெட்டால அது தாங்காது. குலசேகரப்பட்டினத்திலேர்ந்து தெக்கே வெறும் கடல். அதனால ரெண்டாயிரம் ஏக்கருக்கு மேல எடுத்து, 2024 பிப்ரவரி 28 அன்னைக்கு அடிக்கல் நாட்டினாங்க. தனியார் ராக்கெட்டுகளுக்கும் அதுதான் தளம். 2025 இல் தமிழ்நாடு அரசு விண்வெளித் தொழில் கொள்கை வெளியிட்டது. அஞ்சு வருசத்துல 10,000 கோடி முதலீடு, 10,000 பேருக்கு வேலைன்னு இலக்கு. ஆராய்ச்சி, வடிவமைப்பு மையம் வைக்கிற கம்பெனிகளுக்குச் சம்பளத்துலயே ஒரு பங்கை மானியமா அரசு தரும்னு அதுல இருக்கு. இதை ரெண்டு தடவை படிங்க. சம்பளத்துல ஒரு பங்கு அரசாங்கத்துக் காசு. அப்போ அந்தச் சம்பளம் வாங்குற நாற்காலிக்கு இடஒதுக்கீடு கேக்குறது எப்படி அதிகப்படியான கோரிக்கை ஆகும்?

மூணு வேலை இருக்கு. மானியம் வாங்குற கம்பெனி எதுவானாலும் யாரை வேலைக்கு எடுத்ததுன்னு பிரிவுவாரியாக் கணக்குக் காட்டணும்னு அந்தக் கொள்கையில ஒரு விதி சேர்க்கச் சொல்லணும். குலசேகரப்பட்டினம் பக்கம் நிலம் எடுத்த இடத்துல, பட்டாதாரருக்கு நஷ்டஈடு போயிருக்கும். அந்த நிலத்துல கூலி வேலை செஞ்சவங்க, பனை ஏறினவங்க, கரையில வலை இழுத்தவங்க யார் யார்னு ஊர் ஊராப் போய் எழுதி எடுக்கணும், மாணவத் தோழர்கள் லீவுல போகலாம். மூணாவது, பாலிடெக்னிக்லயும் ஐ.டி.ஐ.யிலயும் படிக்கிற நம்ம பிள்ளைகளுக்கு இந்தத் தொழிலுக்கு வேண்டிய வெல்டிங், மின்னணு, கலவைப் பொருள் பயிற்சியை அரசு செலவுல தரச் சொல்லிக் கேக்கணும். இல்லேன்னா அங்க நமக்குக் காவல், துப்புரவு, தோட்ட வேலை, அதுவும் காண்டிராக்ட்ல. தொழில் துறைக்கும் ஆதிதிராவிடர் நலத் துறைக்கும் தனித்தனியா மனு எழுதி வச்சிருக்கோம். நகல் அந்த மேசையில இருக்கு. போறப்ப ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க, உங்க கல்லூரியில கையெழுத்து வாங்கி அடுத்த மாசக் கூட்டத்துக்குக் கொண்டுவாங்க.